சாமி அறையில் ஊறிய தண்ணி

"படம் அனுப்புங்க, போதும்" என்கிறார்களாம் இப்போது. கூரை ஒழுகினால் ஒரு படம், சுவர் ஊறினால் ஒரு படம். வட்ஸ்அப்பில் போட்டால் பதுளை ஒபிசில் ஒரு பிள்ளை உட்கார்ந்த இடத்திலேயே பார்த்து, கிளெய்ம் உண்டு, இல்லை என்று தட்டிவிடுகிறது. போன மாசம் அந்த ஒபிசிலிருந்தே இரண்டு பேர் என்னைத் தேடி வந்தார்கள். "சேர், வீட்டு இன்சூரன்சுல மத்ததெல்லாம் வெளங்குது. இந்தத் தண்ணி விசயம் மட்டும் பிடிபடவே மாட்டேங்குது. ஏதாவது எழுதிக் குடுங்க" என்றார்கள். அட, காலம் பூரா அதையே பார்த்த எனக்கே பாதிதான் பிடிபட்டது. இருந்தாலும் கேட்டுவிட்டார்கள். வாய் சும்மா இருக்குமா? எழுதுகிறேன்.

என் அப்பா எல்லப் பக்கம் ஒரு தோட்டத்தில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டியவர். நான் தோட்டத்து வரிசை வீட்டில், லயத்திலிருந்து படித்து, பதுளையில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் கிளார்க்காக நுழைந்தேன். தமிழும் சிங்களமும் பேசுவான், மலை ஏறினால் மூச்சு வாங்காது என்று கண்டதும் மேசையை விட்டுக் கிளப்பி, சேதம் பார்க்கிற வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. என் மேலதிகாரி பண்டார சேருக்குப் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு நடந்ததுதான்.

அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குள் தண்ணி வந்தது என்பது முக்கியமில்லை. எங்கிருந்து வந்தது, எப்படி வந்தது, அதுதான் கேள்வி. குழாய் திடீரென்று வெடித்தால், டாங்கி உடைந்தால், காற்று தகரத்தைப் பிய்த்து மழை உள்ளே கொட்டினால், கம்பெனி கொடுக்கும். வருசக்கணக்காக ஒழுகி ஒழுகிச் சுவர் பூத்துப்போயிருந்தால் கொடுக்காது. அது நீங்கள் பார்த்துச் சரிசெய்திருக்க வேண்டியது. வெள்ளத்துக்குத் தனியாகக் கேட்டு எழுதியிருக்க வேண்டும். நிலத்துக்கு அடியிலிருந்து ஊறி வருவதற்கும் மண் சரிவதற்கும் எங்கள் பொலிசியில் கவர் இல்லை. உங்கள் பொலிசியில் என்ன இருக்கிறது என்று என்னைக் கேட்காதீர்கள். எடுத்து வாசியுங்கள். எல்லோரும் அதை சாமி படத்துக்குப் பின்னால் சொருகி வைத்துவிட்டு, தண்ணி வந்த பிறகுதான் தேடுகிறார்கள்.

பண்டார சேர் பதுளைக்காரர், சிங்களவர். தமிழைக் கல்லை மெல்லுகிற மாதிரி மெதுவாகப் பேசுவார். ஒரு வீட்டுக்குப் போனால் வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றி, காலுறையையும் கழற்றிச் சுருட்டிப் பைக்குள் வைப்பார். வெறுங்காலோடு ஒவ்வொரு அறையாக நடப்பார். ஒரு வார்த்தை பேச மாட்டார். சுவரில் உள்ளங்கையை வைப்பார், மூக்கை வைத்து முகர்வார். வீட்டுக்காரர் பின்னாலேயே போய்க் கதை சொல்லிக்கொண்டிருப்பார். அவருக்குக் காது கேட்காதோ என்று பல பேர் என்னிடம் இரகசியமாகக் கேட்டிருக்கிறார்கள். தேத்தண்ணி மட்டும் குடிக்கவே மாட்டார். "வேலை முடியட்டும்" என்பார். முடிந்ததும் வண்டியில் ஏறிவிடுவார். நம்ம ஆட்கள் வீட்டில் தேத்தண்ணி குடிக்காமல் வந்தால் சும்மா விடுவார்களா? முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார்கள். அவர் பங்கையும் நானே குடித்துச் சமாளிப்பேன். வயிறு என்ன பாடுபட்டது என்று எனக்குத்தான் தெரியும்.

ஒருமுறை பதுளை டவுனிலேயே ஒரு பூட்டின வீடு. சொந்தக்காரர்கள் வெளிநாட்டில். ஜன்னலை உடைத்து உள்ளே இறங்கினோம். முழங்கால் அளவுக்குத் தண்ணி, ஒரு அலை இல்லாமல், கண்ணாடி மாதிரி நிற்கிறது. படுக்கையறையில் நாற்காலி ஒன்று மிதந்து போய்க் கட்டில்மேல் ஏறி, ஜன்னலைப் பார்த்தபடி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. அதன் முதுகில் ஒரு சால்வை. யாரோ இருக்கிறார்கள் என்று நினைத்து நான் "வணக்கம்" என்றே சொல்லிவிட்டேன். பண்டார சேர் சிரிக்கவில்லை. குழாய் வெடித்தது உண்மைதான். ஆனால் ஒரு மாசத்துக்கு மேல் ஆளில்லாமல் கிடக்கிற வீட்டுக்குத் தண்ணிக் கவர் இல்லை என்று பொலிசியில் இருந்தது. கிளெய்ம் கிடைக்கவில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், வெளிநாடு போகிறவர்கள் மெயின் வால்வை மூடிவிட்டுப் போங்கள், அவ்வளவுதான்.

இனி, சாமி அறையில் தண்ணி ஊறிய வீட்டுக்கு வருகிறேன்.

வெலிமடை ரோட்டில், ஒரு தோட்டத்தின் ஓரமாக இருந்தது. ஊர்ப் பெயர் வேண்டாம். செல்வராஜ் என்று ஒரு லொறிக்காரர், வெலிமடையிலிருந்து உருளைக்கிழங்கும் லீக்சும் ஏற்றிக் கொழும்புக்குப் போய் வருபவர். லயத்தில் பிறந்து, வங்கிக் கடனில் சரிவில் காணி வாங்கி, மாபிள் போட்டு வீடு கட்டியிருந்தார். வங்கி கட்டாயப்படுத்தியதால்தான் இன்சூரன்ஸ். மனைவி சரோஜா, பள்ளிக்கூடம் போகிற ஒரு மகள். மூன்று பேர்தான்.

நான் தனியாகப் போன நாளில் மழைக்காலம் சரியாகத் தொடங்கக்கூட இல்லை. வாசல் கேட்டுக்கு வெளியே அவர்கள் நாய் படுத்திருந்தது. "உள்ள வர மாட்டேங்குது சேர், சோத்த வெளியவே வைக்கிறோம்" என்றார் செல்வராஜ். உள்ளே போனால், சுவரெல்லாம் காய்ந்து கிடக்கிறது, கூரையில் ஒரு பொட்டு ஈரமில்லை. சாமி அறையில் மட்டும், குத்துவிளக்குக்கு நேர் முன்னால், இரண்டு மாபிள் கல்லுக்கு நடுவில் தண்ணி ஊறிக்கொண்டிருந்தது. சத்தமில்லாமல் ஒரு முத்து மேலே வரும், நிற்கும், வழியும். அடுத்தது வரும். நான் குனிந்து விரலை வைத்தேன். ஐஸ் மாதிரி குளிர். அப்போதுதான் கேட்டது. தரைக்கு அடியில், பக்கத்து அறையில் யாரோ பாத்திரம் அலசுகிற மாதிரி ஒரு சத்தம். பக்கத்து அறையில் யாரும் இல்லை.

"குழாய்தான் சேர் வெடிச்சிருக்கு. இங்க வந்து பாருங்க" என்று செல்வராஜ் என்னைக் குசினிக்கு இழுத்தார். அங்கே தொட்டிக்குக் கீழே குழாய் உடைந்து சளசளவென்று ஓடியது.

இந்த மாதிரி இடத்தில் எங்களுக்கு ஒரு வழி உண்டு. வெள்ளைத் துணிக்குப் போடுகிற நீலத்தைக் கரைத்து டாங்கியில் ஊற்றிவிட்டுக் காத்திருப்போம். நீலம் வருகிற இடமெல்லாம் குழாய்த் தண்ணி, நீலம் வராத இடமெல்லாம் மலைத் தண்ணி. ஊற்றினேன். குசினியில் கொஞ்ச நேரத்தில் நீலமாக வந்தது. சாமி அறைத் தண்ணி பளிங்கு மாதிரி அப்படியே ஊறிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் காத்திருந்தும் ஒரு பொட்டு நீலம் இல்லை.

குசினிக் குழாயையும் பார்த்தேன். தானாக வெடித்த குழாய் வெளிப்பக்கம் விரியும். இது உள்பக்கமாக நசுங்கியிருந்தது. "தம்பி, எந்தச் சுத்தியல்?" என்று கேட்டேன். செல்வராஜ் தலையைச் சொறிந்தார். "வேற என்ன சேர் பண்றது? தரையில ஊறுறதுக்கு ஒண்ணும் தர மாட்டாங்கன்னு சொன்னாங்க." கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. ஊருக்கு ஒரு செல்வராஜாவது இருப்பார்.

ஆனால் நான் எதிர்பார்க்காதது சரோஜா. நான் நீலம் ஊற்றியதிலிருந்து அந்தப் பெண் சாமி அறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றது. எல்லாம் முடிந்ததும், "அப்ப இது பைப்புத் தண்ணி இல்லன்னு நீங்களே சொல்றீங்களா சேர்?" என்றது.

"ஆமா தங்கச்சி. மலைத் தண்ணி. வீட்டுக்கு அடியில ஊத்துக்கண் இருக்கு."

"கேட்டீங்களா?" என்று புருசனைப் பார்த்துத் திரும்பியது. முகம் பூராவும் வெளிச்சம். "நான் அன்னைக்கே சொன்னேன்ல, கங்கம்மா வந்திருக்கான்னு!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயோ தங்கச்சி, இது நல்லதுக்கில்ல. நிலம் சரியில்ல. இங்க இருக்காதீங்க."

"மலைத் தண்ணின்னா குசினியில வரலாம், கக்கூசுல வரலாம். சரியா வெளக்குக்கு முன்னால வருதே, அது எப்படி சேர்?"

நான் போட்ட நீலமே அந்தப் பெண்ணுக்குச் சாட்சியாகிப்போனது. அடுத்த வாரமே அக்கம்பக்கத்து லயங்களிலிருந்து ஆட்கள் போத்தல் கொண்டுவந்து தீர்த்தம் பிடிக்கத் தொடங்கிவிட்டார்களாம். கிளெய்ம் கிடையாது என்று சொன்னதற்கு செல்வராஜ் என்னைத் திட்டியதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. மூன்று உயிர் அந்த வீட்டில் தூங்குகிறதே என்றுதான் மனம் அடித்துக்கொண்டது. கிராம சேவகரிடம் சொன்னேன். அவர் போய்ச் சொன்னார், மண்சரிவு பார்க்கிறவர்களும் வந்து வீட்டை விட்டு எழும்பச் சொன்னார்கள். செல்வராஜ் பயந்துவிட்டார். சரோஜா அசையவில்லை. "தேடி வந்தவள விட்டுட்டுப் போனா அடுக்குமா?" என்று ஒரே பிடி.

கடைசியில் பண்டார சேரைக் கூட்டிக்கொண்டு போனேன். நல்ல பகல், ஆனால் மூடுபனி இறங்கி முற்றத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. வழக்கம்போல சப்பாத்தைக் கழற்றினார், காலுறையைச் சுருட்டினார். சாமி அறைக்குள் போய்க் குந்தி, உள்ளங்கையைத் தரையில் வைத்தார். வைத்த கையை எடுக்கவே இல்லை. நாங்கள் எல்லோரும் வாசலில் நின்றோம். திறந்து கிடந்த சாமி அறைக் கதவு, யாரும் தொடாமல், காற்றும் இல்லாமல், மெதுவாக அவர் பக்கமாக மூடிக்கொண்டு வந்தது. சரோஜா அவசரமாக ஒரு கல்லை எடுத்து முட்டுக் கொடுத்தது. "இப்பல்லாம் இப்படித்தான் சேர். முந்தி அந்தப் பக்கம் போகும், இப்ப இந்தப் பக்கம் வருது."

வீடே சாய்கிறது என்பதைக் கதவே சொல்லிவிட்டது. பண்டார சேர் எழுந்தார். "சரோஜா நோனா, தேத்தண்ணி இருக்கா?" என்றார். நான் அவர் வாயையே பார்த்தேன். "வெளிய கொண்டு வாங்க. எல்லாரும் வெளிய நின்னு குடிப்போம். இப்பவே." காலுறையைப் போடாமல், சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு வெளியே போய்விட்டார். தேத்தண்ணி வந்தது. ஒரே மடக்கில் குடித்துவிட்டு, வீட்டிலிருந்து இன்னும் நாலு எட்டு தள்ளிப் போய் நின்றார். அத்தனை வருசத்தில் அவர் பயந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

சட்டம் பேசிப் பிரயோசனமில்லை என்று அப்போது எனக்குப் பட்டது. நான் வேதக்காரன், மாதா கோயிலுக்குப் போகிறவன், கங்கம்மாவைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஆனாலும் கேட்டேன். "சரி தங்கச்சி, வந்திருக்கிறது கங்கம்மாதான்னே வச்சுக்குவோம். அப்ப இது வீடா, கோயிலா?"

"கோயில்தான் சேர்."

"கோயிலுக்குள்ள யாராவது கருவாடு பொரிப்பாங்களா? புருசன் பொஞ்சாதி படுத்துத் தூங்குவாங்களா? தீட்டு நாள்ல என்ன பண்றீங்க?"

சரோஜா கன்னத்தில் போட்டுக்கொண்டது. செல்வராஜ் என்னைக் கும்பிடாத குறைதான். அன்று சாயங்காலமே சாமான் சட்டியைக் கட்டிக்கொண்டு, பள்ளத்தில் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த சரோஜாவின் அண்ணன் லயத்துக்குப் போய்விட்டார்கள். பகலில் மட்டும் வந்து பூ வைத்துவிட்டுப் போவது என்று பேச்சு. எமகாதகன்டா நீ என்று என் முதுகை நானே தட்டிக்கொண்டேன். ஒபிஸ் திரும்பும் வழியில் பண்டார சேர், "சேவியர், நல்லாப் பேசினாய். ஆனா பேச்சு மலைக்குக் கேக்காது" என்றார். மனுசன் ஒருநாளும் முழுசாகப் பாராட்டியதில்லை.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. ஊவாவில் மழை பிடித்தால் தெரியும்தானே, ஆகாயத்தில் ஓட்டை விழுந்த மாதிரி. நாள்கணக்காக விடவில்லை. ஒருநாள் காலையில் என் ஃபோனுக்கு ஒரு படம் வந்தது. சரோஜாவின் மகள் அனுப்பியது. சாமி அறைத் தரை. பளபளவென்று காய்ந்து, நடுவில் அரிசி மாவில் ஒரு சின்னக் கோலம். பார்க்க எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா! ஒபிசில் எல்லோருக்கும் காட்டினேன். "அப்பாடா, நின்னிருச்சு" என்றார்கள். எனக்கும் ஒரு நிமிசம் சந்தோசம்தான்.

பண்டார சேர் மட்டும் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்தார். "இவ்வளவு மழை" என்றார். "அப்ப அந்தத் தண்ணி இப்ப எங்க போகுது?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மழை தொடங்குவதற்கு முன்னாலேயே ஊறிய ஊத்து, மழை கொட்டும்போது நின்றுவிட்டது. வந்த வழி எங்கோ அடைபட்டிருக்கிறது. மலை தண்ணியை உள்ளுக்குள்ளேயே பிடித்து வைத்திருக்கிறது. உடனே சரோஜாவுக்கு ஃபோன் அடித்தேன்.

"சேர், நானே ஃபோன் எடுக்கணும்னு நெனைச்சேன்!" குரலில் அத்தனை குதூகலம். "கங்கம்மா மலை ஏறிட்டா சேர். இனி இது கோயில் இல்ல, வீடுதான். குடி வந்துட்டோம். நல்ல நேரம் முடியிறதுக்குள்ள பால் காய்ச்சிக்கிட்டு இருக்கேன்."

"அங்கயா இருக்க? எல்லாருமா?"

"மூணு பேரும்தான். ஹால்ல மூணு கல்லு கூட்டி அடுப்பு வச்சிருக்கேன்."

"தங்கச்சி, சொல்றதக் கேளு, போட்டது போட்டபடி வெளிய ஓடு!"

"என்ன சேர் இது, அடுப்புல பால வச்சிட்டு நடுவுல எந்திரிக்கலாமா? குடும்பத்துக்கு ஆகாது. பொங்கட்டும், நானே எடுக்கிறேன்."

சரோஜா எந்திரிக்காது. எனக்குத் தெரியும். நம்ம சனம் வீடு பற்றி எரிந்தாலும், வைத்த பால் பொங்காமல் எழும்பாது. நான் என்ன கத்தினேன் என்று இப்போது ஞாபகமில்லை. மாதாவைக் கூப்பிட்டது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அந்தப் பக்கம் மழைச் சத்தம், விறகு வெடிக்கிற சத்தம், செல்வராஜ் ஏதோ கேட்கிற சத்தம். திடீரென்று சரோஜா பேச்சை நிறுத்தியது.

"சேர்" என்றது. குரல் மாறியிருந்தது. "பால் வழியுது சேர்."

"பொங்கிருச்சா?"

"இல்ல. சூடே ஏறல. ஆவிகூட வரல. பானை ஒரு பக்கமா... சேர், பச்சைப் பால் தானா வழியுது சேர்."

பொங்காமல் பால் வழிந்தால் அதைவிடப் பெரிய அபசகுனம் நம்ம ஆட்களுக்குக் கிடையாது. என் பேச்சுக்கு அசையாதது, கிராம சேவகருக்கு அசையாதது, அந்தப் பாலுக்கு அசைந்தது. "ஏங்க, புள்ளையத் தூக்குங்க!" என்று ஒரு அலறல். ஃபோன் தரையில் விழுந்தது. லைன் அறுபடவில்லை. காலடிச் சத்தம் ஓடித் தேய்ந்தது. அதற்குப் பிறகு ஆளில்லாத அந்த வீட்டை நான் கேட்டுக்கொண்டு நின்றேன். சாமி அறை மணி ஒன்று இரண்டு தரம் கிணுங்கியது. கதவு ஒன்று மெதுவாக மூடிக்கொண்டது. பிறகு லைன் போய்விட்டது.

பண்டார சேர் ஜீப் சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். வெலிமடை ரோட்டில் அந்த மழையில் எப்படிப் போய்ச் சேர்ந்தோமோ, ஆண்டவருக்குத்தான் வெளிச்சம். வழி பூரா நான் செபமாலை உருட்டிக்கொண்டு வந்தேன். போனால், வீடு இருந்த இடத்தில் வீடும் இல்லை, சரிவும் இல்லை. சிவப்பாக ஒரு காயம், கீழே ரோடு வரைக்கும் மண். மண்ணுக்கு அந்தப் பக்கம், ரோட்டோரமாக, தலையில் உர பேக்கைப் போட்டுக்கொண்டு மூன்று பேர் நின்றார்கள். எண்ணினேன். மறுபடி எண்ணினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நடு ரோட்டில் நின்று அழுதேன்.

மண்ணைத் தாண்டி அவர்களிடம் போனேன். செல்வராஜ் என்னைக் கண்டதும், "கிளெய்ம் வருமா சேர்?" என்று ஏதோ தூக்கத்தில் கேட்கிற மாதிரி கேட்டார். வராது. மண் சரிவுக்கு அந்தப் பொலிசியில் கவர் இல்லை. தோளில் கையை மட்டும் வைத்தேன்.

அந்த நேரம் மேலேயிருந்து ஒரு சத்தம். எல்லோரும் நிமிர்ந்தோம். சிவந்து கிடந்த மலையின் நடுவில், கொஞ்ச நேரத்துக்கு முன் சாமி அறை இருந்த உயரத்தில், மண் பிளந்து தண்ணி பீறிட்டு வந்தது. சேற்றுத் தண்ணி இல்லை. வெள்ளை வெளேரென்று, குளிர் ஆவி பறக்க, ஆள் பருமனுக்கு வந்து கொட்டியது. ரோட்டில் கூடி நின்ற சனத்தில் இரண்டொரு பெண்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

சரோஜா அதையே பார்த்துக்கொண்டு நின்றது. "அவ எங்கயும் போகல சேர்" என்றது மெதுவாக. "நான் பால் காய்ச்சும்போது அடியிலதான் உக்காந்திருந்திருக்கா."

அந்தப் பெண்ணும் கும்பிடும் என்று நினைத்தேன். கும்பிடவில்லை. மகளின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அந்தத் தண்ணிக்கு முதுகைக் காட்டி, அண்ணன் லயத்தைப் பார்த்து நடந்தது.